நம்பர் இறங்கிருச்சு

வாசல் வேம்பில் கட்டியிருந்த கிடா ஒன்றுதான் அந்த வீட்டில் நிம்மதியாக நின்றது. பாவம், அதற்கு விஷயம் தெரியாது.

மற்றபடி, பொழுது விடியும் முன்பே வீடு அமளிதுமளிப்பட்டது. பத்திரகாளி மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்குமாக அலைந்தாள். பொங்கல் பானை எங்கே, மஞ்சள் எங்கே, மாவிளக்கு மாவை எந்த மகராசி திறந்துபோட்டாள் என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. எழுந்தால் எழட்டுமே! ஊரையே எழுப்பிச் சொல்ல வேண்டும்போலத்தான் அவளுக்கும் இருந்தது.

“நம்பர் இறங்கிருச்சுல்ல! ஒம்பதுக்கு மேல இருந்தது நாலரைக்கு வந்திருச்சு. எங்காத்தா இருக்கன்குடியா இறக்கிட்டா!”

பால்காரரிடம் சொன்னாள். எதிர்வீட்டில் சொன்னாள். விட்டால் கிடாவிடமும் சொல்லியிருப்பாள்.

நம்பர் என்றால் கிரியேட்டினின், சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு. அந்தப் பெயர் பத்திரகாளியின் வாயில் நுழையாததால் வீட்டில் எல்லோருக்கும் அது ‘நம்பர்’ ஆகிவிட்டது. நாரணாபுரம் ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் அவள் புருஷன் தனுஷ்கோடிக்கு, எழுபதைத் தாண்டிய வயதில், போன தீபாவளி முடிந்த கையோடு இரண்டு சிறுநீரகமும் செயலற்றுப்போயின. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வீட்டு மொழியில் ‘மெஷின்’. முதன்முதலாக அவரை மெஷினில் ஏற்றிய அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி பத்திரகாளி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நம்பர் அஞ்சுக்குக் கீழே இறங்கினால் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன். அதுவரை என் வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறாது. கறி, மீன் மட்டுமில்லை, முட்டைகூட ஏறாது.

யார் நேர்ந்துகொண்டது பாருங்கள்! கருவாட்டு வாசம் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத பத்திரகாளி!

புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. மகன் மணிகண்டராஜ் அன்றைக்கே கிடாவுக்குச் சொல்லிவிட்டான். தனுஷ்கோடி அதற்கும் ஒரு படி மேலே போனார்.

“இனிமே மெஷினு கிடையாது. சீசன் நேரத்துல வாரத்துக்கு ரெண்டு நாளு அங்கன போய்ப் படுத்துக் கெடக்க என்னால ஆகாது. நம்பர்தான் இறங்கிருச்சுல்ல?”

யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லோருக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது.

சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டு போன மகள் பாண்டிச்செல்வி. அவள் பெயரைத் தனுஷ்கோடியின் காதுபட அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பெற்ற பத்திரகாளியும் எடுத்ததில்லை.

மருமகள் பிரீத்திக்குத்தான் இரண்டு நாளாக மனசு ஒரு நிலையில் இல்லை. காரணம் மாமாவின் மோதிரம். சொன்னால் சிரிப்பார்கள். விரலில் நிற்காமல் கழன்று விழுகிறது என்று அதற்கு மஞ்சள் நூல் சுற்றிக் கொடுத்தவள் அவள்தான். முதலில் ஒரு சுற்று. அப்புறம் இன்னும் நாலு சுற்று. நேற்று ராத்திரி மறுபடியும் சுற்ற வேண்டியிருந்தது. “நீர் வத்திருச்சு, உடம்பு லேசாயிருச்சு” என்று அத்தை சந்தோஷப்பட்டாள். பிரீத்தி அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். தோலும் எலும்பும்தான் இருந்தது.

“என்னங்க, மெஷினுக்குப் போகலைன்னா டாக்டர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லணும்ல? நான் இப்ப பஸ்ஸைப் பிடிச்சு விருதுநகர் போய் ரிப்போர்ட்டைக் காட்டிட்டு, சாத்தூர் வழியா கோயிலுக்கு வந்துர்றேன்” என்றாள் புருஷனிடம்.

“போன்ல சொன்னா பத்தாதா?”

“நேத்தெல்லாம் போட்டீகளே, எவன் எடுத்தான்?”

அடுக்களையிலிருந்து பத்திரகாளி குரல் கொடுத்தாள். “போகட்டும்டா! அந்த டாக்டர் கண்ணுல நம்பரைக் காட்டிட்டு வரட்டும். ஏத்தா பிரீத்தி, கறிச்சோறு இருக்கு, அவரையும் வரச் சொல்லு!”

*

டாக்டர் ஜெயச்சந்திரன் ரிப்போர்ட்டை வாங்கியதும் நம்பரைப் பார்க்கவில்லை. அதற்கு நாலைந்து வரி கீழே எதையோ பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“வீட்டில என்ன சாப்பிடுறாரு?”

பிரீத்தி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். “கடுமையான பத்தியம் சார். காலையில கஞ்சி. மதியம் ரசஞ்சோறு, காயை வேகவச்சுத் தண்ணியை வடிச்சுக் கொடுப்பாக எங்கத்தை. பருப்புகூடச் சேக்க மாட்டாக. கறி, மீனு, முட்டை பேச்சே கிடையாது.”

“யாரும்மா அப்படிக் கொடுக்கச் சொன்னது?”

“மதுரையில முன்னாடி பாத்த டாக்டர்தான் சார். புரோட்டீனைக் கொறைக்கணும்னாரு.”

“அது மெஷினுக்கு முன்னாடிம்மா!” டாக்டரின் குரல் உயர்ந்தது. “கிட்னி கொஞ்சம் ஓடிக்கிட்டு இருந்தப்ப அதைக் காப்பாத்தச் சொன்னது. சரியாத்தான் சொல்லியிருக்காரு. மெஷின்ல ஏறிட்டா கதையே வேற. அது கழிவை மட்டுமா எடுக்குது? ஒவ்வொரு தடவையும் சத்தையும் கொஞ்சம் கொண்டுபோயிடும். சாப்பிட்டு ஈடுகட்டணும்.”

“ஆனா நம்பர் இறங்கியிருக்கே சார்?”

அவர் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். “ஒண்ணுக்குப் போறது கூடியிருக்கா?”

“இல்ல சார். சுத்தமா இல்ல.”

“கிட்னி தேறலை. மெஷினும் அதேதான், நேரமும் அதேதான். அப்புறம் எப்படி இது பாதியாக் குறையும்? கிரியேட்டினின் சதையிலேருந்து வர்றதும்மா. உங்க மாமா உடம்பில சதை கரைஞ்சுபோச்சு. அதான் இதுவும் குறைஞ்சிருக்கு. இது நல்ல சேதி இல்ல.”

பிரீத்திக்கு மஞ்சள் நூல் சுற்றிய மோதிரம் கண்முன்னால் வந்து நின்றது.

“இந்த வரியைப் பாருங்க. அல்புமின், ரத்தத்தில இருக்கிற புரதம். மூணரைக்கு மேல இருக்கணும். ரெண்டு புள்ளி நாலு இருக்கு. அடுத்தது சி.ஆர்.பி., கூடியிருக்கு. உடம்புக்குள்ள எங்கேயோ ஒரு புகைச்சல் இருக்குன்னு அர்த்தம். அது என்னன்னு நான் தேடணும்.”

“எம்புட்டு நாள் சார்?” கேட்ட பிறகுதான் கேட்டது தன் வாய் என்று அவளுக்கே தெரிந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார். “நாள் குறிக்க நான் ஜோசியக்காரன் இல்ல. ஆனா இந்த வயசு, இந்த ரத்தம், இப்படியே சாப்பாடுன்னா, இவரை மாதிரிப் பத்துப் பேர்ல அஞ்சு பேர் அடுத்த ஆடியைப் பாக்க மாட்டாங்க. பாதிக்குப் பாதின்னு வச்சுக்கோங்க. வயசை நாம மாத்த முடியாது. சாப்பாட்டை மாத்தலாம். முட்டை வெள்ளைக்கரு, மீன், கறி எல்லாம் கொடுங்க. உப்பு கம்மியாப் போட்டு, குழம்பை விட்டுட்டுக் கறியை மட்டும் எடுத்துக் கொடுங்க. இளநீர், பழம், தண்ணிக் கட்டுப்பாடெல்லாம் பழையபடிதான்.”

“சாப்பிட்டாத் தேறிருவாரா?”

“தேற வாய்ப்பு கூடும். அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன்.” ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தவர் நெற்றியைச் சுருக்கினார். “இதையெல்லாம் மெஷின் ஏத்துன மொத மாசமே சொன்னேனேம்மா!”

“யார்கிட்ட சார்?”

“உங்க மாமாகிட்டத்தான். நல்லாத் தலையாட்டினாரே.”

பிரீத்தி ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தாள். வந்த காரியத்தை அப்புறம்தான் மென்று விழுங்கிச் சொன்னாள். இன்றைக்கு மெஷினுக்கு வர மாட்டார். இனிமேலும் வர மாட்டேன் என்கிறார்.

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “வெளையாடுறீங்களா? செவ்வாய்க்கிழமை ஏறினவரு. ரத்தத்தில பொட்டாசியம் கூடினா பேசிக்கிட்டு இருக்கும்போதே இதயம் நின்னுடும். சாயங்காலம் ஒரு மெஷினை ஒதுக்கி வைக்கிறேன். எப்படியாவது கூட்டிட்டு வாங்க.”

*

சாத்தூர் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஆடி வெள்ளி என்பதால் பஸ் முழுக்க மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக இருந்தது. யாரோ மடியில் வைத்திருந்த வெறும் அக்கினிச்சட்டி அவள் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. பிரீத்திக்கு அது உறைக்கவில்லை.

சொல்லுவதா, வேண்டாமா?

உள்ளதைச் சொன்னால், நம்பர் இறங்கியது ஆத்தாள் கொடுத்த வரம் இல்லை என்றாகிவிடும். வரம் இல்லையென்றால் நேர்த்திக்கடனுக்கு வேளை வரவில்லை. வேளை வராமல் அத்தை அந்த அடுப்பில் ஒரு முட்டையைக்கூட ஏற விடமாட்டாள். போன தை மாசம் பிரீத்திக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து, முட்டை கொடுக்கச் சொல்லி அவள் அம்மா கெஞ்சியபோதே, “வேணும்னா ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கொடுங்க” என்றவள் பத்திரகாளி.

சொல்லாமல் விட்டால் கிடா வெட்டுவார்கள். இன்றைக்கே மாமாவின் இலையில் கறி விழும். ஆனால் குணமாகிவிட்டது என்று மெஷினை விட்டுவிடுவார். விட்டால் அடுத்த செவ்வாய் வரை தாங்குவாரா? சொன்னால் பட்டினி, சொல்லாவிட்டால் பொட்டாசியம்! நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

செல்போன் அடித்தது. மணிகண்டராஜ்.

“என்ன சொன்னாரு?”

“வந்து சொல்றேங்க.”

“நல்ல விஷயந்தான?”

பின்னால் கொட்டுச் சத்தம். அவன் குரலில் அத்தனை ஆசை இருந்தது. இவனிடம் சொன்னால் அடுத்த நிமிஷமே அவன் அம்மாவின் காதுக்குப் போய்விடும்.

“வந்துக்கிட்டே இருக்கேன்” என்று போனை வைத்தாள்.

அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. கிடா வெட்டுகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. கடன் கழிந்து மாமா ஒரு வாய் கறி தின்றுவிடட்டும். அப்புறம் அவரைத் தனியாகப் பிடித்து, மிரட்டியாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம். கெட்டிக்காரத்தனமான திட்டம்தான். கிடா ஒத்துக்கொண்டிருந்தால்!

*

இருக்கன்குடி ஆற்று மணலில் எங்கே பார்த்தாலும் அடுப்புப் புகை. தார்ப்பாயைக் கட்டி அதன் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தனுஷ்கோடியை உட்கார வைத்திருந்தார்கள். கம்பெனி ஆர்டர் பற்றி யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று வரை பிரீத்தி அதைக் கவனித்ததில்லை. இன்றைக்கு அதைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

கிடாவுக்கு மாலை போட்டாகிவிட்டது. அறுக்கிற கருத்தப்பாண்டி அரிவாளோடு தயாராக நின்றார். பத்திரகாளி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினாள்.

தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலிர்த்துத் தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் ஆத்தாள் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவின் மேல் கருத்தப்பாண்டி கை வைக்கமாட்டார்.

கிடா சிலுப்பவில்லை. தன் கழுத்து மாலையில் இருந்த வேப்பிலையை எட்டிக் கடித்து மென்றது.

இன்னொரு சொம்பு ஊற்றினாள். ஊகூம்.

கூடியிருந்தவர்கள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “ஏதோ குறை இருக்கு” என்றார் ஒருவர். “வீட்டுல பொறந்த பொம்பளப்புள்ள இல்லாம வச்சா...” என்று ஆரம்பித்த ஒரு பெரியம்மா, தனுஷ்கோடி திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

பத்திரகாளி சொம்பைக் கீழே வைத்தாள். “எவ மனசுலயாவது குறை இருந்தா இப்பவே சொல்லிருங்க. ஆத்தா முன்னாடி நின்னுக்கிட்டு மறைக்காதீக” என்று சுற்றிலும் பார்த்தாள். அந்தப் பார்வை பிரீத்தியிடம் வந்து நின்றுவிட்டது.

“ஏத்தா, நீ வந்ததுல இருந்து ஒன் மொகமே சரியில்ல. ஆஸ்பத்திரியில என்ன சொன்னாக?”

“ஒண்ணுமில்லத்தை.”

“ஆத்தா மேல சத்தியம் பண்ணிச் சொல்லு.”

போச்சு! பஸ்ஸில் போட்ட திட்டமெல்லாம் ஆற்று மணலில் ஊற்றிய தண்ணீராகப் போய்விட்டது. கோபுரத்துக்கு எதிரே நின்றுகொண்டு பொய் சொல்ல பிரீத்திக்கு வாய் வரவில்லை. சொன்னாள். சதை கரைந்ததால்தான் நம்பர் இறங்கியது. சத்து இல்லாமல் உடம்பு உருகுகிறது. முட்டையும் கறியும் கொடுக்கச் சொல்கிறார். மெஷினை விட்டால் ஆபத்து. பாதிக்குப் பாதியை மட்டும் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டாள்.

கொட்டுக்காரன்கூட அடிப்பதை நிறுத்திவிட்டான்.

“அப்ப நான் வடிச்சு வடிச்சுக் கொடுத்தது...” பத்திரகாளி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தான் கொன்னுக்கிட்டு இருந்தேனாக்கும்.”

“இதை அந்த டாக்டர் மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதான?” என்று மணிகண்டராஜ் வெடித்தான்.

பிரீத்தி மாமாவைப் பார்த்தாள். தனுஷ்கோடி போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

“எங்கிட்டச் சொன்னாரு” என்றார்.

“என்னது?”

“மொத மாசமே சொன்னாரு. முட்டை திங்கணும், கறி திங்கணும்னு.” அவர் மனைவியைப் பார்க்காமல் அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இவ ஆத்தாகிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டா. கருவாடு இல்லாம ரெண்டே வாய்ல இவ எந்திரிச்சுப் போறதைத் தெனமும் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்காக நாக்கைக் கட்டிக்கிட்டுக் கெடக்குறவகிட்ட, எனக்கு மட்டும் முட்டை அவிச்சுக் கொடுன்னு எந்த வாயால கேக்க? நம்பர் வேற இறங்கிருச்சா, சரி, ஆத்தா பாத்துக்கிட்டான்னு நெனச்சேன்.”

பத்திரகாளி புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அடுத்த நொடியே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தாள். கோபுரத்தைப் பார்த்து நின்ற நிலையில், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் இருந்தது.

“ஏ ஆத்தா! நீயா வந்து கவுச்சி வேணாம்னு கேட்ட? நாந்தான சொன்னேன்? வாய் என் வாயி. அதனால கடனும் என் கடன். எந்தலையில வையி. நான் சாகுற மட்டும் கவுச்சி தொட மாட்டேன். தெருவுல கருவாட்டு வாசம் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறேன். ஆனா எங்க வீட்டு மனுசனை விட்டுரு. அவுக திங்கட்டும். சம்மதமா இல்லையா, இப்பவே சொல்லு!”

சொம்பெல்லாம் சரிப்படாது என்று குடத்தையே தூக்கிக் கிடாவின் தலையில் கவிழ்த்தாள்.

கிடா ஒரு தும்மல் போட்டது. அப்புறம் காதிலிருந்து வால் வரை உடம்பு குலுங்கச் சிலுப்பியது பாருங்கள், சுற்றி நின்ற அத்தனை பேர் சட்டையும் நனைந்துவிட்டது.

காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பும் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். குலவைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

*

கறியை எலும்பு நீக்கிப் பிய்த்துப் பிய்த்துப் பத்திரகாளியே இலையில் வைத்தாள். “ருசியே தெரியலையே” என்று தனுஷ்கோடி முனகினார். “ருசிக்கா திங்கிறீக? உள்ள தள்ளுங்க” என்று அதட்டினாள். அவர் நாலு துண்டு தின்றார். அவள் ஓரமாக உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலை விழுங்கினாள். குழம்புச் சட்டியின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்றா நினைத்தீர்கள்? அதுதான் இல்லை.

“மெஷினுக்கு நேரமாச்சு மாமா” என்றாள் பிரீத்தி.

“அதான் கறி தின்னாச்சே. மெஷினு எதுக்கு?” என்றார் தனுஷ்கோடி.

மணிகண்டராஜ் கெஞ்சினான், கத்தினான். பத்திரகாளி அழுதாள். கிழவர் அசையவில்லை. “வீட்டுக்கு விடுறதுன்னா கார்ல ஏறுறேன். இல்லைன்னா இங்கனயே கெடக்கேன்” என்று ஒரே பிடியாக நின்றார். சரி என்று ஏற்றினார்கள். சாத்தூர் போனதும் பாதை பிரியும். ஒரு பக்கம் வீடு இருக்கிற சிவகாசி, இன்னொரு பக்கம் விருதுநகர். அதற்குள் ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும்.

மணிகண்டராஜ் ஓட்டினான். முன் சீட்டில் பாத்திரங்கள். பின்னால் ஜன்னலோரம் தனுஷ்கோடி, நடுவில் பத்திரகாளி, இந்தப் பக்கம் பிரீத்தி. விடிந்ததிலிருந்து நின்ற களைப்பில் பத்திரகாளி கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டாள். பிரீத்தி வாட்ச்சைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடியும் வாட்ச்சைப் பார்த்தாள்.

“ஏம்மா பிரீத்தி.” மனைவி எழுந்துவிடாதபடி தனுஷ்கோடி தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். “எல்லாத்தையும் சொன்ன. ஒண்ணை மட்டும் முழுங்கிட்ட.”

“என்ன மாமா?”

“எம்புட்டு நாள்னு கேட்டிருப்பேல்ல. நீ கேக்காம வந்திருக்க மாட்ட.”

அவள் பக்கத்தில் சாய்ந்திருந்த அத்தையைப் பார்த்தாள்.

“அதைச் சொல்லு, மெஷின்ல ஏறுறேன். சொல்லலைன்னா ஏற மாட்டேன். நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு ஆளாளுக்குச் சொல்றீக. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாமக் கெடக்குறதுதாம்மா என்னால முடியல. திரி எம்புட்டு நீளம்னு பாக்காம நான் எந்தச் சரக்கையும் கம்பெனியை விட்டு அனுப்புனதில்ல.”

கண்ணாடியில் புருஷனின் கண்கள் அவளையே பார்த்தன. சொல்லாதே என்கிறானா, சொல் என்கிறானா, ஒன்றும் விளங்கவில்லை. காலையிலிருந்து மறைத்து மறைத்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

“அடுத்த ஆடியைப் பாக்குறது... இப்படியே இருந்தா பாதிக்குப் பாதின்னாரு மாமா. நல்லாச் சாப்பிட்டு, மெஷினை விடாமப் போனா, அதைவிடக் கூடும்னாரு.”

காரின் வேகம் சட்டென்று குறைந்தது. கம்பெனி வேன் ஒன்று பெண்களை ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி முந்திப் போனது.

“பாதிக்குப் பாதி” என்று தனுஷ்கோடி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நூல் சுற்றிய மோதிரத்தை விரலில் திருகிக்கொண்டே இருந்தார். “பரவாயில்லையே. நான் ஒண்ணுமே மிச்சமில்லைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

பிரீத்திக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாளாக இந்த மனுஷன் சீசன், லோடு என்று கத்திக்கொண்டிருந்தது இதை உள்ளே வைத்துக்கொண்டுதானா?

“ஏலே, விருதுநகருக்கே விடு” என்றார் தனுஷ்கோடி.

மணிகண்டராஜ் மறுபேச்சுப் பேசாமல் திருப்பினான்.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். “பிரீத்தி, ஒன் செல்லைக் கொடு.”

“யாருக்குப் போடணும் மாமா?”

அவர் தொண்டையைச் செருமினார். வெளியே பார்த்தார்.

“பாண்டிச்செல்விக்கு.”

ஆறு வருஷமாக அந்த வாயில் வராத பெயர். மணிகண்டராஜ் காரை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பிரீத்தி கையில் போனை வைத்துக்கொண்டு திகைத்தாள்.

“எங்கிட்ட அவுக நம்பர் இல்லையே மாமா. ஏங்க, உங்ககிட்ட இருக்கா?”

“எங்கிட்ட ஏது?” என்றான் மணிகண்டராஜ்.

“ஒம்பது, எட்டு, நாலு...”

பத்திரகாளிதான். கண்ணைத் திறக்காமல், சாய்ந்த தலையை நிமிர்த்தாமல், கடைசி எண் வரை ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தாள். அப்படியானால் அவள் தூங்கவே இல்லை. பாதிக்குப் பாதியையும் கேட்டிருக்கிறாள்.

பிரீத்தி எண்ணை அழுத்தி, மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் மாமாவிடம் நீட்டினாள். எலும்புக் கை அதை வாங்கிக் காதில் வைத்தது. அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

“அலோ? யாரு பேசுறீக? அம்மா தண்ணி பிடிக்கப் போயிருக்காக.”

தனுஷ்கோடி போனைக் காதிலிருந்து எடுத்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். முகம் வெளிறிவிட்டது.

“ஏ பத்திரகாளி... ஏதோ சின்னப்புள்ள பேசுது. யாரு இது?”

பத்திரகாளி அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் மட்டும் வழிந்து மஞ்சள் பூசிய கன்னத்தில் இறங்கியது.

“ஒங்க பேத்தி. நாலு வயசாகுது. போனை வச்சிறப் போகுது, பேசுங்க.”